தூக்கத்தில் உயரும் கை

அன்புள்ள அக்கா,

உன் மகன் இன்றாவது அறையை விட்டு வெளியே வந்து சாப்பிட்டானா?

அவன் படித்த அதே மீத்திறன் குழந்தைகள் வகுப்பில் என் மகளுக்கும் இடம் கிடைத்தபோது ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். அங்கே கணக்கை முதலில் முடிப்பவர் கை தூக்க வேண்டும். எப்போதும் இவள்தான்.

ஒரு மதியம் தூங்கிக்கொண்டிருந்தவளின் கை தானாக மேலே எழுந்தது. இறக்கிவிட்டேன். மறுபடியும் தூக்கினாள்.

"முடிச்சிட்டேன் மிஸ். அடுத்தது குடுங்க."

கண் மூடியே இருந்தது.

அந்த வகுப்பில் படித்தபோது அவனும் இப்படித்தான் தூங்குகிறான் என்று நீ அன்று பெருமையாகச் சொன்னாய். நானும் சேர்ந்து சிரித்தேனே, அக்கா.

இவள் கை எழுந்ததைப் பார்த்த மறுநாளே வகுப்பை நிறுத்திவிட்டேன். மாதம் ஒன்றாகிறது. இப்போதும் பக்கத்தில்தான் தூங்குகிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டே எழுதுகிறேன். விட்டால் மேலே போகிறது.

உன் தங்கை