உங்கள் முட்டியும் என் தோளும்

அன்புள்ள நைனாவுக்கு,

தரணி வணக்கத்துடன் எழுதுகிறேன். அம்மாவும் நீங்களும் சௌக்கியமா? முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் இதைக் கேட்டாலே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

இந்த அயர்லாந்தில் ஓர் அதிசயம், கேளுங்கள். நோயாளியைத் தூக்கும்போது என் தோள் லேசாகப் பிடித்துக்கொண்டது. பயப்பட ஒன்றுமில்லை. பின்பக்கம் தைலம் தேய்க்கத்தான் கை எட்டவில்லை. டாக்டர் பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்தார். அந்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை, நான் கட்டிய வரியிலிருந்து அரசாங்கம் திருப்பித் தருமாம்! ஆனால் டாக்டர் சீட்டு வேண்டுமாம்.

நம் பக்கம் கை பிசகினால் பக்கத்து வீட்டுக்காரரே ஆட்டோ பிடித்துப் புத்தூர் கட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று கூட வேலை செய்யும் நர்ஸிடம் சொன்னேன். “அவர் டாக்டரா?” என்று கேட்கிறாள்.

இன்னோர் அதிசயம், பெற்றவர்களுக்காக நான் செலவழித்தாலும் அப்படித் திருப்பிக் கேட்கலாமாம், வைத்தியம் நம் ஊரில் நடந்தாலும்கூட. “காசு குடுத்து கால நீட்டி மடக்கணுமா? கழனில நடந்துக்கினு இருந்தா தானா சரியாப்பூடும்” என்பீர்கள். பணம் நான் அனுப்புகிறேன். திருப்பதியில் டாக்டரைப் பார்த்து, சீட்டு வாங்கிக்கொண்டு பிசியோதெரபிக்குப் போய்வாருங்கள். ரசீதை அம்மா போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

உங்கள் முட்டியையும் என் தோளையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதப்போகிறேன். இந்த நாட்டில் நம் இரண்டு பேர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வருவது அதில் மட்டும்தான், நைனா.

நான் காத்திருந்த பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
தரணி