நெற்றியோரத்து வெள்ளைக் கோடு

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. எங்காத்தில் வாராவாரம் போல லலிதா சகஸ்ரநாமம். வந்தவர்கள்: வாலாம்பாள் மாமி, அவர் மாட்டுப்பெண் ரெம்யா, எதிர்வீட்டு பிரேமா, மங்கலம். என்னோடு ஐந்து பேர். தாம்பூலம் ஆறு எடுத்து வைத்தேன், ஒன்று மிச்சம். கணக்கில் எழுதியாயிற்று.

மங்கலம் சென்னையில் அண்ணா வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டு, போன மாதத்திலிருந்துதான் மறுபடி வருகிறாள். இளைத்திருக்கிறாள். தலையில் மல்லிகை வைக்கப் போனேன். "கொடு, நானே வச்சுக்கறேன்" என்று கையில் வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் வருத்தம்தான். ஆத்துக்கு வந்த சுமங்கலிக்கு நான் அல்லவா வைக்க வேண்டும்?

நாலு பேரையும் விளக்கு முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தேன்.

ஜூலை 20, சனி

சமையல் முடித்து லேப்டாப்பில் உட்கார்ந்தேன். மழை இருட்டில் எடுத்தது, படம் மந்தமாக இருந்தது. ஷார்ப்பன் அளவைக் கூட்டிக் கூர்மையாக்கினேன். நாற்பதில் கண்கள் தெளிந்தன. எழுபதில் விளக்குத் திரிகூடத் தனியாகத் தெரிந்தது. ரொம்பக் கூட்டினால் ஓரங்களில் வெள்ளைக் கோடு விழும் என்று யூடியூபில் சொல்லித்தருபவர் எச்சரித்திருக்கிறார்.

கோடு இருந்தது. ஆனால் மங்கலத்துக்கு மட்டும் – நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில். மெல்லிய வலை மாதிரி. நாற்பதுக்கு இறக்கினேன்; மங்கியது, போகவில்லை.

ஷார்ப்பன் செய்ததால் வந்ததுதான் என்று சொல்லிக்கொண்டு மறுபடி எழுபதில் வைத்தேன். மல்லிகை மொட்டு மொட்டாகத் தெரிகிறதே! வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாயிற்று.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் வாலாம்பாள் மாமி: "ஏண்டி, படமா இது! என் மூக்குத்திக் கல்லைத் தொட்டு எடுத்துடலாம் போலிருக்கே!" சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

பதினோரு மணிக்கு ரெம்யா போன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமி, மங்கலம் மாமி வச்சிண்டிருக்கறது விக் அல்லே? பெருசாக்கிப் பாருங்கோ."

எனக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வைத்த போனை எடுப்பதற்குள், வாலாம்பாள் மாமி அந்த நெற்றியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு குரூப்பிலேயே கேட்டுவிட்டார்: "என்ன ஆச்சு மங்கலம்? சொல்லவேயில்லையே! பகவானே!" கீழே ஒரு வரிசை கும்பிட்ட கைகள்.

நான் போட்ட படத்தை அழித்தேன். அந்த வட்டத்தை நான் எப்படி அழிப்பது?

மங்கலம் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டாள்.

ஜூலை 23, செவ்வாய்

மூன்றாவது தடவை போன் அடித்தபோதுதான் மங்கலம் எடுத்தாள். கோபமாகப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நோக்கு முன்னாடியே தெரிஞ்சுதோ?"

"இல்லடி, சத்தியமா நான் கவனிக்கவேயில்ல."

சத்தியமா என்றேன். அம்பாள் நாமம் சொல்கிற அதே நாக்கால். விளக்கேற்றப் போனேன், அம்பாள் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜூலை 26, வெள்ளி

அவள் வரவில்லை. மற்ற எல்லோரும் வந்தார்கள். எந்த டாக்டர், எத்தனை ஊசி, யாருக்கு எங்கே குணமாச்சு – இதுவே பேச்சு. நடுவில் சகஸ்ரநாமமும் சொன்னோம்.

ஜூலை 27, சனி

மங்கலத்தின் பெண் ஸ்நேகா வந்தாள், நான் முன்பு பாயசம் கொடுத்தனுப்பிய தூக்கைத் திருப்பித் தர. உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னாள்.

"அம்மா சென்னைக்கெல்லாம் போகல மாமி. இங்கதான் கீமோ. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. ஆஸ்பத்திரியில பேஷன்ட், ஆத்துலயும் பேஷன்ட். வெள்ளிக்கிழமை இங்க வர்ற அந்த ஒரு மணி நேரந்தான் அம்மா வெறும் மங்கலமா இருந்தா. இப்போ வாலாம்பாள் மாமி தினம் போன்ல கஷாயம் சொல்றா."

செருப்பு மாட்டும்போது அவளே, "சாரமில்ல மாமி, விடுங்கோ. நீங்க வேணும்னு பண்ணலியே" என்றாள்.

வேணும்னு பண்ணலியா நான்? கண்ணால பாத்தேனே. பாத்துட்டு, அது என்னன்னு கேக்காம, நன்னாயிருக்குன்னு நாலு பேர் சொல்லணும்னு போட்டேனே. அவளோட ஒரு மணி நேரத்த எடுத்துண்டு எனக்கு ஒரு சபாஷ். சீ.

ஜூலை 29, திங்கள்

வாலாம்பாள் மாமியை நேரில் போய்ப் பார்த்தேன். மங்கலம் வந்தால் வியாதிப் பேச்சு வேண்டாம் என்றேன்.

"நன்னாயிருக்கே! படம் போட்டது நீ, வாயை மூடிக்கணும் நானா?"

நியாயம்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கடைசியில், "சரி சரி, பேசல. கஷாயமும் சொல்லல. போ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மங்கலத்துக்கு எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது. அனுப்பியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் இங்கே வைக்கிறேன்:

மங்கலம், அன்றைக்கு நான் செய்தது பொய்ச் சத்தியம். படத்தில் உன் நெற்றியோரத்துக் கோட்டை நான் முதலிலேயே பார்த்தேன். பார்த்த பிறகுதான் குரூப்பில் போட்டேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை. வெள்ளிக்கிழமை மற்றவர்கள் ஐந்து மணிக்கு வருவார்கள்; யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள். அவர்களைப் பார்க்க வேண்டாம் என்றால் நாலு மணிக்கு வா, நாம் இரண்டு பேரும் மட்டும் சகஸ்ரநாமம் சொல்லலாம். வரவே மாட்டேன் என்றால் அதையும் சொல். எதுவானாலும் சீக்கிரம் பதில் போடு.