ஒரே மாதிரிக் கதவுகள்

அன்பு மகள் முப்லிஹாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் பேசினால் வாப்பாவுக்குக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பழைய வீட்டை இடித்து, அந்த வளவையும் பக்கத்து வளவையும் சேர்த்துக் கட்டிய மாடிக்கு வந்துவிட்டோம் என்று தம்பி ஸாஜித் சொல்லியிருப்பான். கீழே பேக்கரி, பலசரக்குக் கடை, புடவைக்கடை, பார்மசி, போன் கடை, மேலே எல்லாத் தட்டிலும் வீடுகள். வசதிக்குக் குறைவில்லை, பாண் வாங்கப் படி இறங்கினால் போதும், ஜன்னலைத் திறந்தால் வாவிக் காற்று. ஆனால் எந்தத் தட்டைப் பார்த்தாலும் அதே வெள்ளைச் சுவர், அதே சாம்பல் கதவு. போன வியாழன் பகல் ளுஹர் தொழுதுவிட்டுப் பால்மா வாங்கப் போன வாப்பா பின்நேரம் அஸர் தொழுகை நேரமாகியும் வரவில்லை, போனையும் மேசையில் விட்டுப் போயிருந்தார். கடைகளில் கேட்டால், வாங்கிக்கொண்டு மேலே போனாரே என்கிறார்கள். ஸாஜித் பள்ளிவாசல் பக்கம் ஓட, நான் கதவு கதவாகத் தட்டினேன். நமக்கு நேர் மேலே, களுதாவளையிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கிற பிரஷாந்தி டீச்சர் கதவைத் திறந்தார். உள்ளே வாப்பா சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். திறந்திருந்த கதவால் வந்து உட்கார்ந்து தேத்தண்ணீர் கேட்டாராம், தன் புருஷனுக்குத் தெரிந்தவராக்கும் என்று டீச்சரும் ஊற்றிக் கொடுத்தாராம். நான் வெட்கத்தில் குறுகி நிற்க, வாப்பா என்னைப் பார்த்து, "நம்மட ஊட்டுக்குள்ள வர என்னத்துக்குகா வாசல்ல நிக்கிறா?" என்றார்.

கட்டிடத்தில்தான் பிழை என்கிறான் ஸாஜித். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஞாயிற்றுக்கிழமை நானே அடுத்த வீட்டுக் கதவில் திறப்பைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றவள்தானே. பிறகு நம் கதவில் ஒரு பச்சைத் துணி கட்டினேன், அவரும் நேரே வந்து சேர்கிறார், மனம் ஆறியது. ஆனால் நேற்றுப் பகல் சோறு தின்று கை கழுவிவிட்டு மெதுவாகக் கேட்டார், "றஸீனா, இஞ்ச இருந்தது போதும். நம்மட ஊட்ட எப்ப போற?" இதே வளவில்தானே, மகள், அந்தப் பழைய வீடும் இருந்தது. இது மறதியா, இல்லை அவர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறதா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதுதான் வீடு என்று சொல்ல வாய் வராமல், "நாளைக்குப் போவம்" என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை டொக்டரிடம் கூட்டிப் போகிறோம். அதற்கு முன் நீ வீடியோவில் அவரோடு தனியாகக் கதைத்துப் பேசு, கேள்வி கேட்டுச் சோதிக்காதே, சும்மா கதை. உனக்கு என்ன தெரிகிறது என்று என்னிடம் மறைக்காமல் சொல். பிள்ளைகளுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் பரக்கத் செய்வானாக.

இதை எழுதும்போது வாப்பா குளித்து, சேட்டுப் போட்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு கதிரையில் காத்திருக்கிறார்.

உன் உம்மா,
றஸீனா