பள்ளத்தில் நட்ட கிளை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நீங்களாகப் போடுகிறீர்களா, அம்மா விரட்டினால்தானா? எனக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போகிறேன். போன மாதம் வளைவில் இருந்த பள்ளத்தில் சைக்கிள் விழுந்தது. துணைக்கு நானும் விழுந்தேன். முழங்கையில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான். அடுத்தவர் விழக்கூடாதே என்று, நம் தெருவில் செய்வதுபோல் ஒரு மரக்கிளையை ஒடித்து அதில் நட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் அதில் யாரோ சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். பிறகு யாரோ கல்லை வைத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். சைக்கிளில் போகிறவர்கள் அங்கே இறங்கி, சாய்ந்த கிளையை நிமிர்த்திவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. பேப்பர் போடும் அக்கா ஒருநாள், "தினமும் என் முன்னாடிதான் போற, யாருன்னே தெரியல. எந்த வீடும்மா நீ?" என்றார். இங்கே வந்ததிலிருந்து யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

எல்லோரும் சேர்ந்து போய் ரோடு ஆபீசில் சொன்னோம். போன வாரம் பள்ளத்தை மூடிவிட்டார்கள். ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. இப்போது யாரும் இறங்குவதில்லை. அக்காவும் கையை ஆட்டிவிட்டுப் பறந்துவிடுகிறார். நல்லதுதானே அப்பா, நாங்கள் கேட்டதுதானே.

ஒரு உதவி. உங்கள் பழைய சைக்கிள் சும்மாதானே நிற்கிறது? அதன் மணியைக் கழற்றி அனுப்புங்கள். இங்கே விற்கிற மணி வாயே திறப்பதில்லை. உங்கள் மணியை அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. போகிற வழியில் அந்த வளைவில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும்.

உங்கள் மகள்