செவலைக் கிடா சிலுப்பவில்லை

ஏப்ரல் 6, ஞாயிறு

என் பெயர் துரைப்பாண்டி. இதை நானே எழுதுகிறேன். இந்த இரண்டு வரிக்குள் காப்பி ஆறிவிட்டது. ஆறட்டும்.

சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பிரேமலதா டீச்சர் எங்களை உட்காரவைத்து எழுத்து சொல்லித் தருகிறார்கள். இன்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்கவில்லை. நானே நின்று பஸ் போர்டில் ‘திருவேங்கடம்’ என்று எழுத்துக்கூட்டி வாசித்தேன். வாசித்து முடிக்கிறதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. ஓடி ஏறினேன். ஊர் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

சண்முகையாவிடம் சொன்னேன். “ஏலே, அடுத்து கலெக்டர் வேலைக்கு எழுதிப் போடு” என்றான்.

ஏப்ரல் 9, புதன்

சண்முகையா யார் என்று எழுத வேண்டும். மீசை முளைத்த நாளிலிருந்து அவன் ஆடும் என் ஆடும் ஒரே மந்தை. எது யாருடையது என்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருஷம் நான் ஞானஸ்நானம் எடுத்தேன். குடியை விட்டேன். கெட்ட வார்த்தை பேசுவதில்லை. சாயங்காலம் கூட்டாளிகள் குடிக்கும் இடத்துக்கு இப்போதும் போய், கடலை மட்டும் தின்றுவிட்டு வருகிறேன். “பாஸ்டர் வந்துட்டாருவே, கிளாஸை மறைங்க” என்பார்கள். எல்லாரும் சிரிப்போம். சண்முகையா மட்டும் எனக்குக் கலர் சோடா வாங்கி வைத்திருப்பான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் ஞானஸ்நானம் எடுத்ததற்கு முந்தின வருஷம், சண்முகையா பெஞ்சாதி மாரித்தாய் பாம்பு கடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நாங்கள் இருவரும் சுடலை கோயிலில் நின்று ஒரு குட்டியை நேர்ந்துவிட்டோம். அப்போது நான் சர்ச்சுக்குப் போகாதவன். குட்டி என் ஆடு ஈன்றது. நேர்ச்சைக்கு அடையாளமாகக் காது அறுத்தது அவன். மாரித்தாய் பிழைத்தாள். குட்டி இப்போது செவலைக் கிடா. நான் நாக்கைத் தட்டிக் கூப்பிட்டால் எங்கே நின்றாலும் வந்து என் வேட்டியில் முகம் தேய்க்கும்.

வருகிற கோயில் கொடைத் திருவிழாவுக்கு அதை வெட்ட வேண்டும். நேர்ந்த கைதான் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். நேர்ந்தது இரண்டு கை.

“நீ கும்பிட வேண்டாம்லே. திருநீறு பூச வேண்டாம். எங்கூட நின்னு ஒரு செம்பு தண்ணி ஊத்து. எனக்காவ” என்றான் சண்முகையா.

முடியாது என்றேன். எப்படிச் சொன்னேன்?

அவன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “குடிச்சுட்டுக் கிடந்த காலத்துல நான் கேட்டு நீ முடியாதுன்னு சொன்னதே இல்ல.”

ஏப்ரல் 27, ஞாயிறு

டீச்சரிடம் கேட்டேன். “உங்க மனசுக்கே தெரியும் தாத்தா” என்றார்கள். தெரியும். அதுதான் வலிக்கிறது.

மே 2, வெள்ளி

கொடை. வீட்டில் இருந்திருக்கலாம். அவன் தனியாக நிற்பானே என்று போனேன். கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று மாரித்தாய்க்காக ஜெபித்தேன்.

கொட்டுச் சத்தத்தில் கிடா மிரண்டு கத்தியது. பார்க்க முடியவில்லை. நாக்கைத் தட்டினேன். வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கம். கிடா அப்படியே அடங்கி, என் பக்கம் திரும்பி நின்றுவிட்டது.

சண்முகையா தண்ணீர் ஊற்றினான். சிலுப்பவில்லை. மறுபடி ஊற்றினான். குடம் குடமாக ஊற்றினார்கள். சிலுப்பவே இல்லை. வெட்டாமல் நிறுத்திவிட்டார்கள்.

இசக்கித்துரை என்னைக் காட்டி, “அங்கன நின்னு ஜெபம் பண்ணிச் சாமியக் கட்டிட்டான்யா” என்றான். என்னோடு கடலை தின்கிறவன். எல்லாரும் திரும்பினார்கள். சண்முகையா மட்டும் திரும்பவில்லை.

மே 3, சனி

காலையில் சண்முகையா வந்து மந்தையைப் பிரித்தான். அவன் ஆடுகள் திரும்பித் திரும்பி என் பட்டிக்கே ஓடி வந்தன. கம்பால் அடித்தான். அவன் ஆட்டை அடித்து நான் பார்த்ததே இல்லை.

மே 5, திங்கள்

மாரித்தாய்க்குப் பாம்பு கடித்த கால் வீங்கியிருக்கிறதாம். சாமி மறுத்துவிட்டது என்று சண்முகையா சோறு தின்னவில்லையாம்.

ஐயோ, நாக்குத் தட்டின சத்தம் யார் காதிலும் விழவில்லையே. நான் சொல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. சொன்னால் என் முகத்திலேயே முழிக்க மாட்டான். சொல்லாவிட்டால் அவன் பயத்திலேயே செத்துப்போவான்.

போனேன். வாசலில் நின்றே சொன்னேன். “கிடா எஞ்சத்தத்துக்கு நின்னுட்டு. நான்தான் கூப்புட்டேன். வேற ஒண்ணுமில்லலே. அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

மாரித்தாய் உள்ளேயிருந்து, “அண்ணாச்சி, உள்ள வாங்க” என்றாள். அவன் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னான்.

“பழைய துரைன்னா இத மறைச்சிருப்பான்.”

அதைச் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினான். நல்லபடியாகச் சொன்னானா, ஏசினானா? வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

மே 7, புதன்

மாரித்தாய்க்கு ஊசி போட்டு வீக்கம் வற்றியிருக்கிறது. ஸ்தோத்திரம்.

சாயங்காலம் சண்முகையா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்: “கொடையோட எட்டாம் நாள் பூசைல கிடாவுக்கு மறுபடி தண்ணி ஊத்துதோம். அன்னைக்கு நீ ஊர்ல இருக்காத.”

சரி என்றேன்.

மே 9, வெள்ளி

விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். பகல் முழுவதும் சங்கரன்கோவிலில் சுற்றினேன். கடைப் போர்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாம் வாசிக்க வந்தது. சொல்லிக்காட்ட ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலிருந்த பையன் தண்ணீர் பாட்டில் நீட்டினான்.

திரும்பி வந்தபோது கொட்டு ஓய்ந்திருந்தது. என் பட்டிக் கம்பில் கிடாவின் கழுத்து மணி தொங்கியது. நான் கட்டிய மணி.

சிலுப்பியிருக்கிறது.

மே 10, சனி

மணியைக் கழுவி வைத்தேன். வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

மே 12, திங்கள்

ஓடைக்கு இந்தக் கரையில் என் ஆடு. அந்தக் கரையில் சண்முகையா ஆடு. கொண்டுபோன சோற்றை அவரவர் கரையிலேயே தின்றோம்.

வெயில் ஏறினதும் அவன் ஆடு ஒன்று ஓடையில் இறங்கி என் மந்தைக்குள் வந்தது. பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது. அவன் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கரையிலேயே, கம்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான்.