சொட்டு நெட்

செவ்வாய்க்கிழமையிலிருந்து உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த காவ்யா, வெள்ளானூர் கிளம்புமுன் அண்ணன் விஜய்க்குச் சீட்டு எழுதி, அவன் கண்ணில் படட்டும் என்று ரௌட்டர் மேலேயே ஒட்டினாள்.

"டேய் அண்ணா,

மீன் கொழம்பு அடுப்பு மேல கீது. சூடு பண்ணித் துன்னு. நான் அத்தை ஊட்டுக்குப் போறேன்.

செவ்வாக்கெழம என் இன்டர்வியூ வீடியோ பாதியில நின்னுச்சே? வாயத் தொறந்தபடி பொம்ம மாதிரி நின்னேனே? உன் போன் டப்பா போனுன்னு சிரிச்ச. இன்னிக்கு ரௌட்டர் செட்டிங்ஸ நானே தொறந்து பாத்தேன். உன் கேமுக்காக மொத்த ஸ்பீடையும் உன் லேப்டாப்புக்குக் குடுத்துட்டு, என் போனுக்குச் சொட்டு சொட்டா விட்டுகினு இருந்திருக்க. எனக்கு வர வேண்டிய வேல போச்சு.

இப்ப மாத்திட்டேன். அந்தச் சொட்டு இனிமே உனக்கு. லேப்டாப்புக்கும் அதான், போனுக்கும் அதான். செட்டிங்ஸ் பாஸ்வேர்டையும் மாத்திட்டேன், நீ திருப்பி மாத்த முடியாது. நம்ம ஊட்டுக்குள்ள டவர் எடுக்காது, தெரியுமில்ல?

காவ்யா"

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். சாயங்காலம் பெங்களூருப் பெண் வீட்டார் அண்ணனை வீடியோ காலில் பார்க்கப் போகிறார்கள். அதை அவள் மறக்கவில்லை; அதற்காகத்தான் இன்றைக்கே ரௌட்டரில் கை வைத்தாள். சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"பொண்ணு ஊட்டுக்காரங்க ஆறு மணிக்கு வீடியோல வருவாங்க. வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு வெச்சிகீறேன். நீயும் வாயத் தொறந்தபடிதான் நிக்கப் போற. சட்டையாவது நல்லா இருக்கட்டும்."