டோரத்தியின் ஆப்பிள் மரத்தில் வெட்டிய குருவிச்சை

லண்டன் டூட்டிங் ஸ்டேஷன் வாசலில் கிறிஸ்மஸ் மரமும் பூவும் விற்பவர் இந்த நத்தாருக்கும் மிசில்டோச் செடியைச் சிவப்பு ரிப்பனில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பழமொன்று நசுங்கிக் கையுறையில் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உங்கள் நினைவுதான், என்னவரே.

சில வருடங்களுக்கு முந்திய அந்த மார்கழியில் பக்கத்து வீட்டு டோரத்தி தன் மகளின் வீட்டுக்குப் போயிருந்தார். இலை கொட்டிய அவருடைய ஆப்பிள் மரத்தின் ஒரு கொப்பில் மட்டும் பச்சைப் பந்து போல ஏதோ இருந்தது.

"இஞ்சரும், குருவிச்சை! மரத்தைத் தின்னப்போகுது," என்றீர்கள், ஊரில் புல்லுருவியைக் கண்டது போல.

"அவவைக் கேட்டிட்டு வெட்டுங்கோவன்," என்றேன்.

"மாமரத்தில குருவிச்சை வந்தா ஆரும் கேட்டிட்டே வெட்டுறவை? நல்லது செய்யிறதுக்கு என்ன பெர்மிஷன்?"

மரம் அறுக்கும் வாளோடு மரவேலியைத் தாண்டினீர்கள். அறுபது வயதுப் பிள்ளை.

திரும்பி வந்த டோரத்தி மரத்தடியில் வெகுநேரம் நின்றார். அந்த மிசில்டோ அவருடைய கணவர் விதை ஒட்டி வளர்த்தது. நத்தாருக்கு ஒரு கொத்தை வெட்டி வாசல் நிலையில் தொங்கவிடுவார்களாம். அதன் கீழே நின்று கொடுக்கும் ஒரு முத்தத்துக்கு ஒரு பழம் பிடுங்க வேண்டுமாம். கணவர் காலமான பின்பும் அவர் தொங்கவிட்டுத்தான் வந்தார். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு எங்களுடன் பேசவில்லை.

மாசியில், கடையில் வாங்கிய நத்தார்க் கொத்தொன்றிலிருந்து எடுத்து வைத்த பழங்களோடு அவர் கதவைத் தட்டினீர்கள். நானும் வந்தேன். விஞ்ஞானம் படிப்பித்த நாட்களில் வகுப்பில் சொல்வேனே, தேங்காய் மிதந்து போகும், எருக்கம் விதை பறந்து போகும் என்று. ஒட்டிக்கொண்டு போகிற விதையை அன்றுதான் கையில் பிடித்துப் பார்த்தேன். பசை வடியும் விதைகளை, குருவி அலகைத் துடைப்பது போல, நீங்கள் கொப்பில் தேய்த்தீர்கள். டோரத்தி கைகளைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றார்.

"பழம் முடிஞ்சா முத்தமும் முடிஞ்சுதோ எண்டு அவவிட்டைக் கேளும்," என்றீர்கள். எனக்கு வெட்கம். கடைசியில் நீங்களே ஆங்கிலத்தில் கேட்டீர்கள்.

டோரத்தி சிரித்துவிட்டார். "அதனால்தான் அவர் எப்போதும் பெரிய கொத்தாக வெட்டுவார்."

வசந்தத்தில் ஒரு விதை மட்டும் பச்சைக் கொக்கி போல வளைந்து பட்டையைத் தொட்டது. இலை இல்லை. "உயிரோடதான் இருக்கோ?" என்று ஒவ்வொரு காலையும் தேத்தண்ணீரோடு போய்ப் பார்த்தீர்கள். அந்த இலையுதிர் காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

அடுத்த வசந்தத்தில் வேலிக்கு மேலால் டோரத்தி கூப்பிட்டார். இரண்டு இலைகள், சின்ன விரல் நகமளவு. உங்களைக் கூப்பிட வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன். டோரத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிசில்டோவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண்தான் காய்க்கும், அதற்கும் அருகில் ஓர் ஆண் வேண்டும். இது எது என்று பூத்தால்தான் தெரியும். போன மாசியில் துணைக்காக இன்னும் சில விதைகளை அடுத்த கொப்பில் தேய்த்தேன். ஏணியை டோரத்தி பிடித்துக்கொண்டார். பழம் பார்க்கச் சில ஆண்டுகள் ஆகும் என்றேன். எண்பது தாண்டியவர், "எனக்கு அவசரமில்லை," என்றார்.

பிழைக்குமா என்று தெரியாத ஒன்றைத் தினமும் போய்ப் பார்க்கும் பழக்கத்தை நீங்கள் எனக்கு விட்டுப் போயிருக்கிறீர்கள். இன்று காலை மழையிலும் போனேன். டோரத்தி எனக்கு முன்பே அங்கே நின்றார்.